தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடம் கிழக்கே முடியும் நிலையத்துக்கு இரண்டு பெயர்கள். முதலில் பெரிதாக ஒயிட்ஃபீல்டு. அதனை அடுத்துப் பிறை அடைப்புக்குள் காடுகோடி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்நிலையத்தில் நாள்தோறும் இறங்கி ஏறுவோரில் பலர், முதற்பெயரை ஏதோ வெண்ணிற வயலைக் குறிப்பது என்றே எண்ணிக்கொள்கின்றனர். அது வயலன்று, ஒரு மனிதரின் பெயர். அடைப்புக்குள் அடங்கிவிட்ட இரண்டாம் பெயரோ அம்மனிதர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழங்கிய மண்ணுக்கு உரியது. ஓர் ஆய்வு மாணவிக்கு அந்த அடைப்புக்குறி ஓராண்டு வேலை வைத்தது.

அவருடைய ஆய்வுப்பொருள், மைசூர் அரசில் 19ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியேற்றங்கள். ஒயிட்ஃபீல்டைப் பற்றிய இயலை அவர் இப்படித் தொடங்கியிருந்தார்: “1882இல் மனிதர் வாழாத தரிசு நிலத்தில் ஒயிட்ஃபீல்டு உருவானது.” வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டு இடங்களில் மட்டும் கோடிட்டுத் திருப்பித் தந்தார். ‘மனிதர் வாழாத’ என்பதன் கீழே ஒரு கோடு. ‘தரிசு’ என்பதன் கீழே ஒரு கோடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: “யாருடைய கணக்கில்?”

அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் சிறு குறை என்றே மாணவி முதலில் நினைத்தார்.

ஒயிட்ஃபீல்டின் பிறப்பு ஏற்கெனவே பலமுறை சொல்லப்பட்ட கதை. டி. எஸ். ஒயிட் என்பவர் சென்னையில் யூரேஷியர், ஆங்கிலோ இந்தியர் நலனுக்காகச் சங்கம் கண்டவர். இந்தியத் தாய்க்கும் ஐரோப்பியத் தந்தைக்கும் பிறந்தோரின் வழிவந்த அச்சமூகம் இரண்டு பக்கமும் கதவடைக்கப்பட்ட சமூகம். பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் அவருக்குத் தன் சிவில், இராணுவ, கடற்பணிகளில் இடமில்லை என்று 1791இலேயே கிழக்கிந்தியக் கும்பினி விதி செய்தது. பின்னர் இரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளின் கீழ்நிலைப் பணிகள் கிடைத்தன. ஆனால் வேலை போனால் திரும்பிச் செல்ல ஓர் ஊர் அவர்களுக்கு இல்லை. ஐரோப்பியருக்குக் கடல் கடந்து ஒரு நாடு இருந்தது. இந்தியருக்குத் தாத்தன் பாட்டன் வாழ்ந்த ஓர் ஊர் இருந்தது. இவ்விரண்டும் இல்லாதவர்களுக்கு நிலம் வேண்டும், அதை உழுது வாழும் பழக்கம் வேண்டும் என்பதே ஒயிட்டின் கனவு.

1881 மார்ச்சில், ஐம்பதாண்டு ஆங்கில நேராட்சி முடிந்து, மைசூர் அரசு மீண்டும் உடையார்களிடம் வந்தது. இளம் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் அடுத்த ஆண்டே மைசூர்–பெங்களூர் யூரேஷிய, ஆங்கிலோ இந்தியச் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். சென்னையிலிருந்து பெங்களூர் வரும் இரயில் பாதைக்கு அருகில், காடுகோடிக்குத் தெற்கே, அக்குடியேற்றம் எழுந்தது. நடுவில் வட்டமான திடல், அதனைச் சுற்றி வீட்டு மனைகள், அவற்றுக்குப் பின்னே தோட்டங்களும் வயல்களும் என்பது திட்டம். ‘உள்வட்டச் சாலை’, ‘வெளிவட்டச் சாலை’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள் அங்கே இன்றும் வழங்குகின்றன. 1886இல் தேவாலயம் வந்தது. 1889இல் ஒயிட் காலமானார். அருகே சாஸ்மண்ட் என்று இன்னொரு குடியிருப்பும் அமைந்தது.

உழவு மட்டும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. பெங்களூர்ப் பீடபூமியில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மேட்டு நிலத்தில் கிணற்றை நம்பி வேளாண்மை செய்வது பழகிய குடியானவனுக்கே கடினம். அலுவலகத்திலும் இயந்திரக் கூடத்திலும் பழகிய கைகளுக்கு அது எளிதில் வசப்படவில்லை. பழத்தோட்டமும் கோழியும் பன்றியும் பாற்பண்ணையும் ஒருவாறு நிலைத்தன. இளைஞர்கள் இரயில்வேக்கும் கோலார் தங்கவயலுக்கும் வேலை தேடிச் சென்றனர். ஓய்வு பெற்றோர் திரும்பி வந்தனர். உழவர் குடியேற்றமாக நினைக்கப்பட்ட ஊர், ஓய்வூதியர்கள் மாலையில் காற்று வாங்கும் அமைதியான சிற்றூராகி நூறாண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. 1990களில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் நடந்ததை நகரமே அறியும்.

இக்கதையைச் சொல்வோர் தவறாமல் சேர்க்கும் துணுக்கு ஒன்றுண்டு. அங்கிருந்த வேவர்லி விடுதியின் உரிமையாளர் மகளைக் காண, 1896 முதல் பெங்களூரில் படைப்பணியில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் குதிரையேறி வந்துபோனார் என்பதே அது. இதற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஆயினும் ஊரைப் பற்றி ஒரே ஒரு செய்தி தெரிந்தவருக்கும் தெரிந்த செய்தி அதுதான். ஓர் ஊரின் நினைவில் எது தங்குகிறது, எது நழுவுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

மாணவி ‘தரிசு’ என்ற சொல்லுக்குச் சான்று தேடத் தொடங்கினார். அரசு ஆவணத்தின் மொழியில் தரிசு என்பது மண்ணின் இயல்பைக் குறிக்கும் சொல்லன்று. கணக்கின் ஒரு கலம். தீர்வை கட்டுவோர் இல்லாத நிலம் தரிசு. அது மாடு மேயும் நிலமாக இருக்கலாம். விறகும் தழையும் எடுக்கும் புறம்போக்காக இருக்கலாம். நேற்றுவரை உழப்பட்டு இன்று உழுவாரில்லாமல் கிடப்பதாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது வாய்ப்பில் வந்தபோதுதான் அவருடைய பேனா நின்றது. ஏனெனில் ஆண்டு 1882.

அதற்கு நான்காண்டுகள் முன்புதான் 1876–78 தாது வருடப் பஞ்சம் முடிந்திருந்தது. தமிழ்நாட்டுப் பாட்டிகள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லிவந்த அதே பஞ்சம் மைசூரையும் உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50.5 இலட்சமாக இருந்த மைசூர் அரசின் மக்கள்தொகை 1881இல் 41.9 இலட்சமாகக் குறைந்தது. இயல்பாகக் கூடியிருக்க வேண்டியதைச் சேர்க்காமலே எட்டரை இலட்சம் பேர் கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட பத்தாண்டின் முடிவில், ஒரு கிராமக் கணக்கில் ‘உழுவோர் இல்லை’ என்று எழுதியிருந்தால், அந்நிலத்தில் என்றுமே மனிதர் இருந்ததில்லை என்று அதற்குப் பொருளாகுமா? வழங்கப்பட்ட 3,900 ஏக்கரும் பஞ்சத்தில் கைவிடப்பட்டவை என்று சொல்ல அவரிடம் சான்றில்லை. ஆனால் ‘மனிதர் வாழாத’ என்று எழுதியபோதும் சான்று இருந்திருக்கவில்லை. அந்தத் தொடர் எங்கிருந்து தம் கைக்கு வந்தது என்பதுதான் அவரை உறுத்தியது.

அது வந்த வழியைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. குடியேற்ற வரலாறு என்னும் துறைக்கே அடித்தளமான நூல்களை அவர் முதலாண்டில் படித்திருந்தார். அவற்றுள் பெரும்பகுதி அமெரிக்காவின் நடுமேற்கைப் பற்றியவை. 1785ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலப்பரப்பை ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகள். 1862ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. 1870களிலும் 80களிலும், அதாவது ஒயிட்ஃபீல்டு உருவான அதே காலத்தில், அங்கே மாவட்டந்தோறும் வரலாற்று நூல்கள் அச்சாயின. முன்பணம் கட்டியவர்களுக்குக் கனத்த அட்டையுடன் அனுப்பப்பட்ட அந்நூல்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை: முதலில் வந்த குடும்பம், முதல் மரவீடு, முதல் மாவு ஆலை, முதல் பள்ளி, முதலில் பிறந்த வெள்ளைக் குழந்தை. மூத்த குடியேறிகள் ஆண்டுக்கொருமுறை கூடித் தங்கள் இளமைக்காலப் பாடுகளை நினைவுகூர்ந்தனர். கோதுமை விளைந்தது, ஊர் வளர்ந்தது, பாடு உண்மையானது, அதில் ஐயமில்லை.

ஆயினும் ‘முதல்’ என்னும் சொல் அந்நூல்களில் செய்த வேலை வேறு. 1830இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகவும் தொடர்ந்த ஒப்பந்தங்கள், போர்கள் வழியாகவும் சாக், மெஸ்குவாக்கி, பொட்டவாட்டமி முதலிய மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே தள்ளப்பட்டிருந்தனர். 1838இல் இந்தியானாவிலிருந்து பொட்டவாட்டமி மக்கள் துப்பாக்கிக் காவலில் கான்சஸுக்கு நடத்திச் செல்லப்பட்டபோது வழியிலேயே பலர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். நூலின் முதல் இயலில் இவர்களுக்குச் சில பக்கங்கள் கிடைக்கும். இரண்டாம் இயலில் ‘வரலாறு’ தொடங்கும். நிலமெங்கும் காணப்பட்ட பெரும் மண்மேடுகளை இவர்களின் முன்னோர் எழுப்பியிருக்க முடியாது, மறைந்துபோன வேறோர் இனமே எழுப்பியது என்றும் நம்பினர். 1894இல் சைரஸ் தாமஸின் அறிக்கை அந்நம்பிக்கையை ஆதாரத்துடன் மறுத்தது. இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள கஹோக்கியா அத்தகைய மேடுகளின் நகரம். அது எழுச்சி பெற்றது பொ.ஆ. 1050 வாக்கில்.

இந்த ஆண்டை மாணவி வெறும் தகவலாகவே குறித்துவைத்திருந்தார். சில வாரங்கள் கழித்து அதே காலத்தில் காடுகோடியில் நடந்த ஒன்று அவர் முன் வந்து நின்றது.

பெங்களூரில் 1837இல் பிறந்து, மைசூர் அரசின் தொல்லியல் துறையை நடத்திய பி. எல். ரைஸ் கர்நாடகக் கல்வெட்டுகளை மாவட்டவாரியாகத் தொகுத்தார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. தமிழ் படித்த எவருக்கும் அத்தொகுதி ஒரு வியப்பு. கன்னடக் கல்வெட்டுகளின் நடுவே தமிழ்க் கல்வெட்டுகள் அடுத்தடுத்து வரும். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் சுவர்களில் அவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைத் தானமாகப் பேசுகிறது. காடுகோடியிலும் ஒன்று உண்டு. இராசேந்திர சோழன் காலத்தது. 1043ஆம் ஆண்டுக்குரியதாகக் கணிக்கப்படுவது. பட்டந்தூரில் பெரிய ஏரி அமைத்து, அதற்குத் தூம்பு வைத்து, துர்க்கை, கணபதி, க்ஷேத்திரபாலர் திருமேனிகளையும் நிறுவியதை அது பதிவுசெய்கிறது.

ஏரி அமைப்பது என்பது ஒரு நாள் அறச்செயலன்று. மழைநீர் இறங்கும் சரிவைப் பல பருவங்கள் பார்த்து அறிய வேண்டும். குறுக்கே கரை எழுப்ப வேண்டும். நீரை அளந்து விடத் தூம்பு வேண்டும். மிகைநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலிங்கு வேண்டும். ஆண்டுதோறும் வண்டல் அள்ள வேண்டும். உடைப்பு அடைக்க ஆள் வேண்டும். அதற்கென நிலம் ஒதுக்க வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகள் அதனை ஏரிப்பட்டி என்கின்றன. கன்னடக் கல்வெட்டுகளில் கட்டுக்கொடகெ முதலிய மானியங்கள் வருகின்றன. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்பதைக் கவனிக்கும் பணியாள் தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, கர்நாடகத்தில் நீருகண்டி. வயல் காக்கும் க்ஷேத்திரபாலர் அங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்றால், காக்க வேண்டிய வயலும், அதை உழுதவரும், அவருடைய பிள்ளைகளும் இருந்தனர் என்றே பொருள். மனிதர் வாழாத நிலத்துக்கு யாரும் தூம்பு வைப்பதில்லை.

அன்றிரவு மாணவி மகிழ்ச்சியில் தூங்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது. அவர் பெங்களூரில் பிறந்த தமிழர். வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்த சுரங்கத் தொழிலாளியின் பேத்தி. பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் படித்தவர். ‘நீங்கள் எப்போது வந்தவர்கள்?’ என்னும் கேள்வி இந்நகரில் சில காலங்களில் விளையாட்டாகவும், காவிரிப் பிணக்கு எழும் காலங்களில் வேறு குரலிலும் கேட்கப்படும். அதற்கு ஒரு கல் பதில் சொல்லிவிட்டது போல் இருந்தது. உறவினர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்: ஒயிட்ஃபீல்டுக்கு 839 ஆண்டுகள் முன்பே அங்கே தமிழர் ஏரி வெட்டினர். காலைக்குள் அது அவருக்குத் தெரியாத நான்கு குழுக்களைக் கடந்து, “பெங்களூரை உருவாக்கியவர்கள் தமிழர்களே” என்ற தலைப்புடன் அவரிடமே திரும்பி வந்தது.

அச்செய்தியைக் கண்டபோதுதான் அவர் கல்வெட்டின் பெயரை மறுபடி படித்தார். ஏரி அமைத்தவர் பெர்மாடி காவுண்டன் மகன் இராசராச வேளான்.

காவுண்டன் கன்னட ஊர்த்தலைவரின் பட்டம், இன்றைய கௌடா. பெர்மாடி என்பது கங்க அரசர்கள் பூண்ட பெயர். வேளான் என்பதோ சோழ அரசு தன் நிலவுடைமை அதிகாரிகளுக்கு அளித்த பட்டம்; இராசராசன், கங்கபாடியை வென்ற சோழனின் பெயர். சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றிக் கங்கர் ஆட்சியை முடித்தது 1004 வாக்கில். நாற்பதாண்டுக்குள் தோற்றவரின் பெயரைத் தந்தை சுமக்கிறார். வென்றவரின் பெயரை மகன் சுமக்கிறார். கல்லின் மொழி தமிழ். இவர் தமிழகத்திலிருந்து வந்தவரா, புதிய அரசின் கீழ்ப் பட்டம் பெற்ற உள்ளூர்க் கன்னடக் குடியினரா? பெயர்களைப் பார்த்தால் இரண்டாவது வாய்ப்பே மிகுதி. கல்லில் தமிழ் இருப்பதால் கட்டியவர் தமிழர் என்று முடிவுகட்டினால், ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒயிட்ஃபீல்டின் வயலை உழுதவர் ஆங்கிலேயர் என்று முடிவுகட்டலாம். ஆட்சியின் மொழி வேறு, உழைப்பின் மொழி வேறு. மண் சுமந்த கூடைகள் எம்மொழி பேசின என்று அக்கல் சொல்லவில்லை.

அவர் இன்னொன்றையும் நினைவுகூர்ந்தார். தங்கவயலைப் பற்றித் தாத்தா சொன்ன கதை எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும்: “அங்க என்ன இருந்துச்சு? புதரும் பாம்பும்தான். நம்ம ஆளுங்க போய்த்தான் ஊராச்சு.” ஜான் டெய்லர் கும்பினி 1880இல் அங்கே தொழில் தொடங்கியபின் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வறியோர் ஆயிரக்கணக்கில் சென்றனர். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாதவர்கள் சுரங்கத்தின் இருளுக்குள் ஒரு வாழ்வைக் கண்டனர். 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை பல தலைமுறைகளின் நுரையீரல் அங்கே தேய்ந்தது. அந்தப் பெருமை உண்மை. ஆனால் ‘புதரும் பாம்பும்தான்’ என்பது உண்மையன்று. 1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படையதிகாரி அங்கு சென்றபோதே உள்ளூர் மக்கள் பழங்குழிகளில் இறங்கிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தனர். நடுமேற்கின் கனத்த அட்டை நூலும், ஒயிட்ஃபீல்டின் கதையும், தாத்தாவின் கதையும் ஒரே வாக்கியத்தில் தொடங்குவதை அவர் அன்று கண்டார். அவருடைய இயலும் அதே வாக்கியத்தில்தான் தொடங்கியிருந்தது.

எனினும் இம்மூன்றும் ஒன்றல்ல. நடுமேற்கில் ஓர் அரசு தன் படையைக் கொண்டு மக்களை அகற்றிவிட்டு நிலத்தைப் பங்கிட்டது. ஒயிட்ஃபீல்டில் குடியேறியவர்கள் யாரையும் துப்பாக்கிமுனையில் விரட்டவில்லை, தாமே இடமற்றவர்கள். தங்கவயலுக்குச் சென்றோர் நிலம் பெறவும் இல்லை. கும்பினிக் கொட்டகையில் ஓர் அறை பெற்றனர். வலியவனும் எளியவனும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும், அதனால் விளைவது ஒன்றாக இருப்பதில்லை. எளியவன் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்வது, தான் பட்ட பாட்டுக்கு ஒரு சாட்சி தேடி. வலியவன் அதையே சொல்லும்போது அது பட்டாவாகிவிடுகிறது. ஆய்வாளர் சொன்னாலோ, அடுத்து வருவோருக்கு அது மேற்கோளாகிவிடும்.

சரி, ‘முதலில் வந்தவர்’ யார்? இக்கேள்வியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாலும் நிற்க ஓரிடம் கிடைப்பதில்லை. 1537இல் கெம்பேகௌடர் கோட்டை எழுப்பினார் என்று நகரின் தொடக்கம் சொல்லப்படுகிறது. ஆனால் பேகூர் நாகநாதேசுவரர் கோயிலில் உள்ள, 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கன்னட வீரக்கல், பெங்களூர்ப் போர் ஒன்றில் மாண்டவனைப் பற்றிப் பேசுகிறது. அப்போதே ஊர்ப்பெயர் இருக்கிறது. ஹெப்பாளத்தில் 2018இல் கண்டெடுக்கப்பட்ட கிட்டய்யாவின் வீரக்கல் 750 வாக்கில், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் நடப்பட்டது. வீரக்கல் என்பது மாண்டவனுக்கு எடுப்பது; மாள்வதற்கு முன் அவன் காத்த ஊரும் ஆநிரையும் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் தனக்கு முன்னிருந்த ஒருவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

காடுகோடி என்னும் பெயரும் ஒரு மொழிக்குள் அடங்குவதில்லை. காடு இரு மொழிக்கும் பொது. கோடி என்றால் தமிழில் முனை, எல்லை. கன்னடத்தில் ஏரியின் மிகைநீர் வழியும் இடமும் கோடி. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிலும் ஏரி நிரம்பி வழிந்தால் ‘கோடி போகுது’ என்பார்கள். காட்டின் எல்லையா, காட்டோரக் கலிங்கா என்று பெயரை வைத்து வழக்காடுவதில் பயனில்லை. இரண்டு பொருளும் தெரிந்தவர்கள் வாழ்ந்த இடம் அது என்று கொள்வதே பொருத்தம்.

ஒரு மழைநாளுக்கு மறுநாள் மாணவி பட்டந்தூர் ஏரியைப் பார்க்கச் சென்றார். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, புல்லும் சேறுமாக ஒரு தாழ்நிலம். அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, மாணவியின் உச்சரிப்பில் எதையோ கண்டுகொண்டவர் போல் தமிழுக்கு மாறினார். இவர் கல்வெட்டைப் பற்றிக் கேட்டார்; அவருக்கு அதில் அக்கறையில்லை. “கல்லு இருக்குதும்மா, பூசை போடுவாங்க. நீ கோடி எங்கன்னு கேட்டியா?” என்றார். கையை நீட்டிக் காட்டிய இடத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் நின்றது. “அதான் கோடி. தண்ணி அந்தப் பக்கம்தான் போகும். இப்பவும் போகத்தான் பாக்குது.” முந்தைய நாள் மழையில் அச்சுவரின் ஓரத்தில் முழங்கால் அளவு நீர் தேங்கிய கறை அப்படியே இருந்தது.

இந்த ஏரியின் எல்லை எது, எவ்வளவு அரசுக்குரியது, எவ்வளவு தனியாருக்குரியது என்னும் பிணக்கு இந்நூற்றாண்டில் நீதிமன்றப் படியேறியது. அதனைக் காக்க அப்பகுதியில் குடியிருப்போர் இயக்கம் நடத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் பத்து இருபது ஆண்டுகளுக்குள் ஒடிசாவிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காக மாடிக் குடியிருப்புகள் வரிசையில் காத்திருந்தபோது, ஒரு காலத்தில் இப்பகுதி முழுதும் ஏரிகளின் சங்கிலியால் நீர் பெற்றது என்னும் செய்தி பலருக்கும் புதிதாக இருந்தது. வரைபடத்தில் ‘காலி மனை’ என்று காட்டப்பட்டவற்றுள் சில, ஏரியின் வயிறாகவும் வாய்க்காலாகவும் இருந்தவை. ‘தரிசு’ என்ற பழைய சொல்லின் இன்றைய வடிவம் ‘காலி மனை’. அன்று பஞ்சத்தையும் மேய்ச்சலையும் மறைத்தது போலவே, இன்று இது நீரின் வழியை மறைக்கிறது.

ஓர் ஊரின் முதற்குடி யார் என்னும் கேள்விக்குக் கல்வெட்டுகள் பதில் சொல்லாமல் இருப்பது அவற்றின் குறையன்று. அவை அக்கேள்விக்காக வெட்டப்பட்டவை அல்ல. யார் ஏரி கட்டினார், யார் தூம்பு வைத்தார், அதைப் பேண எந்த நிலம் விடப்பட்டது என்பதையே அவை அக்கறையோடு பொறித்தன. வந்த ஆண்டைவிடச் செய்த பணியே கல்லில் ஏறத் தகுந்தது என்று அக்கால மக்கள் கருதியிருக்கின்றனர். அந்த அளவுகோலால் பார்த்தால், இராசராச வேளானும், கிணற்றுநீரை நம்பி மாமரம் நட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும், சனிக்கிழமைதோறும் ஏரிக்கரையில் குப்பை அகற்றும் ஒடிய மென்பொறியாளரும் ஒரே வரிசையில் நிற்கத் தகுந்தவர்கள். யாருக்கும் பெயர் தெரியாமல் போன நீருகண்டிகளுக்கு அவ்வரிசையின் தொடக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

மாணவி உறவினர் குழுவில் ஒரு திருத்தம் எழுதினார். பெர்மாடி காவுண்டனின் பெயரை விளக்கிச் சொன்னார். அது எந்தக் குழுவையும் கடக்கவில்லை. ஓர் அத்தை மட்டும் கைகூப்பும் படமொன்றை அனுப்பினார். ஆய்வேட்டின் இயலை அவர் மீண்டும் தொடங்கினார்: “1882இல், பெரும்பஞ்சம் முடிந்த நான்காண்டுகளில், மைசூர் அரசு தன் கணக்கில் தரிசு என வைத்திருந்த நிலத்தில், காடுகோடி, பட்டந்தூர் முதலிய பழைய ஏரிப்பாசன ஊர்களின் அருகே, ஒயிட்ஃபீல்டுக் குடியேற்றம் அமைந்தது.”

வாக்கியம் நீளமாகிவிட்டது, முன்னதன் மிடுக்கும் இதில் இல்லை. பேராசிரியர் இருமுறை படித்தார். விடுபட்டிருந்த ஓர் ஒற்றெழுத்தை மட்டும் பென்சிலால் சேர்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.